எங்கள் வாசலில் விளக்கு வைக்காத ஒழுங்கை

நீங்கள் பொய் சொன்னீர்கள், அண்ணை. கனடாவில், மார்க்கம் மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னீர்கள்.

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் நடந்தது. வீடு வீடாகச் சுற்றி வரும் அறிவித்தல் பலகை எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. ஒழுங்கை முழுக்க விளக்குத் தொங்கியபோது எங்கள் வாசலில் மட்டும் இல்லை. உங்கள் அக்கா செத்த செய்தி வந்த பிறகு ஒருவரும் உள்ளே வந்து என்ன நடந்தது என்று கேட்கவில்லை. எல்லாம் உண்மை. இவற்றையெல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியில், "யப்பான்காரனும் எங்களை ஒதுக்கித்தான் வைச்சவன்" என்று முடித்தீர்களே, அதுதான் பொய். தெரியாமல் சொன்ன பொய்யும் இல்லை. உங்களுக்கு எல்லாம் தெரியும். நான்தான் உங்களுக்குச் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை வாசிப்பவர்களுக்குக் கதை தெரியாது. ஆகவே முதலில் இருந்து சொல்கிறேன்.

ஈழத்தில் யுத்தம் முடிந்த வருடம் நாங்கள் இரண்டு பேரும் யப்பானில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். பழைய கார்களை வாங்கிப் பிரித்து, எஞ்சினையும் கதவையும் கொன்ரெய்னரில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு யாட்டில் வேலை. அந்த ஊரைக் கிராமம் என்று சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வரும். பட்டணம் என்று சொன்னால் அவர்களே சிரிப்பார்கள். பெரிய நகரத்தில் ரெயின் மாறி, ஒற்றைப் பெட்டி ரெயினில் ஏறி, வயல்களுக்கு நடுவே இறங்க வேண்டும். ஸ்ரேசனில் ஆள் இல்லை. ஒரு பக்கம் நெல்வயல், மறுபக்கம் சூதாட்ட மெசின் வைத்த பெரிய கட்டடம், அதன் லைற் வயல் தண்ணீரில் விழும். வரம்போரத்தில் தனியாக நிற்கும் மெசினில் காசு போட்டால் சூடான கோப்பி வரும். பக்கத்தில் வீடும் இல்லை, கடையும் இல்லை. யார் குடிப்பார்கள் என்று நினைப்போம். கடைசியில் நாங்கள்தான் குடித்தோம்.

பின்னேரம் ஐந்து மணிக்குத் தூண்களில் கட்டிய ஸ்பீக்கரில் ஒரு மெட்டு வரும். பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று அதற்கு அர்த்தம். வந்த முதல் நாள் அது எங்களுக்குத் தெரியாது. ஸ்பீக்கர் கரகரத்ததும் நீங்கள் ஸ்பானரைப் போட்டுவிட்டுக் காருக்குக் கீழே குப்புறப் படுத்தீர்கள். எங்கள் ஊரில் ஸ்பீக்கர் என்றால் ஆமி. மெட்டு முடியும்வரைக்கும் படுத்திருந்துவிட்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி, "உது என்னடா, பாட்டுப் போட்டுச் சுத்திவளைக்கிறாங்களோ?" என்று கேட்டீர்கள். நான் சிரித்துச் சிரித்து நெஞ்சு நொந்தது.

எங்கள் வீடு ஒரு குறுகிய ஒழுங்கையில் இருந்தது. பின்னால் வயல். முன்வீட்டுக்காரர் நெல்லும், பொலித்தீன் கூடாரத்துக்குள் தக்காளியும் செய்தார். அந்த ஒழுங்கைக்கு வருடத்துக்கு ஒரு வீடு முறை வைத்துத் தலைமை எடுக்கும். அந்த வருடம் அவருடைய முறை. மனைவி கெட்டிக்காரி. நாங்கள் மீன் சாப்பிடுவோம் என்று மணத்தை வைத்தே கண்டுபிடித்து, அடிக்கடி வேலிக்கு மேலால் கருவாடு நீட்டுவார். அவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூட உடுப்போடு, ஹெல்மெற் போட்டுக்கொண்டு, காலையில் சைக்கிளில் ஸ்ரேசனுக்குப் போவாள். எங்களை நிமிர்ந்து பார்க்கமாட்டாள். ஒருவரையும் பார்க்கமாட்டாள்.

அந்த ஊர்ச் சனம் வாய் திறந்து ஒன்றும் கேட்காது. ஆனால் எல்லாம் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழும்புகிறார், எந்த நாள் கோழி சமைத்தோம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். குப்பை விசயத்தில் தாங்க முடியாத ஆட்கள். எரிக்கிறது ஒரு நாள், பிளாஸ்ரிக் ஒரு நாள், போத்தல் ஒரு நாள். உள்ளே இருப்பது தெரிகிற பையில்தான் போட வேண்டும். முதல் கிழமை நாங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வைத்தோம். சிவப்புத் தாள் ஒட்டிய பை எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது. நீங்கள் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னீர்கள்: "டேய், என்ர அகதி விண்ணப்பம் மாதிரிக் குப்பையையும் நிராகரிச்சுப்போட்டாங்களடா."

அந்தப் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பிளாஸ்ரிக் மட்டையில் தாள்கள் கிளிப் பண்ணியிருக்கும். வாய்க்கால் துப்புரவாக்கும் நாள், குப்பை நாள் மாற்றம், காணாமல் போன பூனை, யார் வீட்டில் சாவு, எல்லாம் அதில்தான். ஒரு வீடு வாசித்துவிட்டு முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்களுக்கு முத்திரையும் இல்லை, வாசிக்கவும் தெரியாது. ஆனாலும் பலகை வரும். நீங்கள் அதில் தமிழில் கையெழுத்து வைத்தீர்கள். அடுத்த வீட்டுக் கிழவர் அதைப் பூ என்று நினைத்து, "நல்ல பூ" என்று பாராட்டினார். பிறகு ஒவ்வொரு முறையும் அவருக்காக இன்னும் கொஞ்சம் சுழித்துக் கையெழுத்து வைப்பீர்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஏன் கொண்டுவருகிறீர்கள் என்று நான் ஒருமுறை முன்வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருக்குக் கேள்வியே பிடிபடவில்லை. "இந்த ஒழுங்கையில்தானே உங்கள் வீடு" என்றார்.

வயலுக்குத் தண்ணீர் விடுவதற்கு முதல் எல்லா வீட்டாரும் ரப்பர் சப்பாத்தும் அரிவாளுமாக வந்து வாய்க்காலைச் சுத்தம் செய்வார்கள். நாங்களும் போனோம். ஒருவரும் முதுகில் தட்டவில்லை, ஒருவரும் நன்றி என்று பெரிதாகச் சொல்லவில்லை. முடிந்ததும் ஆளுக்கொரு போத்தல் தேத்தண்ணீர். எங்களுக்கும் ஒன்று. அவ்வளவுதான். அந்த அவ்வளவு எனக்குப் பிடித்திருந்தது.

மே மாதம் வந்தது. வயலெல்லாம் தண்ணீர் நின்று, ஒழுங்கை ஏதோ ஏரிக்கு நடுவே மிதப்பதுபோல இருக்கும். தவளைச் சத்தம் காதைப் பிய்க்கும். நாங்கள் ரெலிபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தோம். என் அக்கா அப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருந்தாள். வேலைக்குப் போகாமல், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு யுத்தத்தை நிறுத்தச் சொல்லி ஒவ்வொரு நாளும் டவுன்டவுன் தெருவில் போய் நிற்பாள். அங்கிருந்துதான் எனக்குக் கதைப்பாள். பின்னால் பறையும் கோசமும் கேட்கும். "இஞ்ச கார்க்காரன் ஹோர்ன் அடிச்சுத் திட்டுறான். ரோட்டை விடட்டாமடா. அங்க சனம் சாகுது, இவனுக்கு வீட்டை போக லேற்றாகுதாம்" என்று அழுவாள்.

ஊரில் யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்த உங்கள் அக்காவின் செய்தியும் அவள் மூலம்தான் வந்தது. உங்கள் அத்தானின் ஆட்கள் ஸ்காபரோவில் அவளுக்குத் தெரிந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் சோறு வடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ரெலிபோனைக் காதில் வைத்தபடி பின்கதவைத் திறந்து வெளியே போனீர்கள். பிறகு கத்தினீர்கள்.

அப்படி ஒரு கத்தலை அந்த ஊர் கேட்டிருக்காது. அங்கே செத்த வீட்டிலும் வாய்க்குள்தான் அழுவார்கள். முன்வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தன் வயலில் நாற்று நடும் மெசின் ஓட்டிக்கொண்டிருந்தார். மெசின் நின்றது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சேற்றுக்குள் நின்றார். கொஞ்ச நேரத்தில் மெசினை வயலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நாற்று வரிசை பாதியில் நின்றது. அன்றைக்கு அந்த வயலில் அதற்குப் பிறகு ஒருவரும் இறங்கவில்லை. மேடையில் இதை நீங்கள் எப்படிச் சொன்னீர்கள்? "நான் கத்தினன். அந்தாள் திரும்பிப் பாத்திட்டு வீட்டை போட்டார்." வார்த்தைக்கு வார்த்தை சரி.

பின்னேரம் நான் கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றபோது அவர் வேலிப் படலையடிக்கு வந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "யார்?" யாட்டில் பொறுக்கிய அரைகுறை யப்பானியத்தில், "அவரின் அக்கா. யுத்தம்" என்றேன். இடுப்பு மடியக் குனிந்தார். நிமிர நேரம் எடுத்தது. பிறகு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் மாறியது. பலகை வருவது நின்றது. அது அடுத்த வீட்டில் இருந்து எங்களைத் தாண்டி நேரே மற்ற வீட்டுக்குப் போவதை ஜன்னலால் பார்த்தோம். ஒழுங்கை ஆட்கள் இரண்டாம் தடவை வாய்க்கால் துப்புரவாக்கியபோது எங்களைக் கூப்பிடவில்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மரக்கறி இருக்கும். வெள்ளரிக்காய், கத்தரிக்காய், சோயாக்கட்டி. யார் வைத்தார் என்று தெரியாது. மணி அடிக்கமாட்டார்கள்.

"பாத்தியா, நாய்க்குப் போடுற மாதிரி வைச்சிட்டு ஓடுறாங்கள்" என்றீர்கள். "கருவாடு தந்த மனிசி இப்ப கத்தரிக்காய் வைக்குது. எங்களுக்கு இனி மீன் தாறதும் நட்டம் எண்டு நினைக்குது போல."

"ஓம் அண்ணை, உவங்கள் மனிசரே இல்லை" என்று நானும் சொன்னேன். இரண்டு பேரும் யாட்டுக்குப் போனோம், வந்தோம், கோழி வாங்கிச் சமைத்தோம். வேறென்ன செய்வது? உடல் இல்லை. எந்த நாள் செத்தார் என்று சரியாகச் சொல்ல ஆள் இல்லை. எந்த நாளில் இருந்து எண்ணுவது, எங்கே சாம்பல் அள்ளிக் காடாற்றுவது, யாரைக் கூப்பிட்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வது? ஒன்றும் செய்யவில்லை.

கோடை தொடங்கியதும் ஊர்க்கோயில் திருவிழா. ஒழுங்கையில் ஒவ்வொரு வாசலிலும் கடதாசி விளக்குத் தொங்கவிட்டார்கள். முன்வீட்டுக்காரர் ஏணியோடு ஒவ்வொரு வீடாக வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து, ஏணியைத் தோளில் இருந்து இறக்காமலே தாண்டிப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் ஏணியைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன் எங்கள் வீட்டுக்கு விளக்கு இல்லை?" என்று கத்தினேன். "நாங்கள் ஆட்கள் இல்லையா?"

அவர் திகைத்துப் போனார். ஏணியை நிலத்தில் வைத்தார். "இமி" என்றார். எனக்கு இம்மியும் விளங்கவில்லை. திரும்பவும் சொன்னார். பிறகு குந்தியிருந்து, தெருவோர மண்ணில் விரலால் அவர்களின் கோயில் வாசலில் நிற்கும் மரத் தோரணத்தைக் கீறினார். எங்கள் வீட்டைக் காட்டினார். தோரணத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். கையாலும் எனக்கு விளங்கும் சின்னச் சொற்களாலும் ஒவ்வொன்றாகச் சொன்னார். சாவு நடந்த வீட்டார் இதற்குள்ளால் போகக் கூடாது. அந்த வீட்டு வாசலில் திருவிழா விளக்கு வைக்கக் கூடாது. மீனும் இறைச்சியும் கொடுக்கக் கூடாது. அவர்களிடம் ஊர் வேலை வாங்கக் கூடாது, பலகை சுமக்க விடுவதும் கூடாது. மணி அடித்து அவர்களை எழுப்பிக் கதை கேட்கக் கூடாது. எல்லா ஊரிலும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. அந்த ஒழுங்கையில் அப்படி.

நான் நடுத்தெருவில் நின்று, "துடக்கு!" என்று தமிழில் கத்தினேன்.

"ட்சுதாக்கு?" என்றார் அவர்.

"ஓம், துடக்கு, துடக்கு. எங்களுக்கும் இருக்கு."

"இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது என்றால் ஏன் கோபப்படுகிறீர்கள்?"

கோயிலுக்குப் போகாமல், மீன் இறைச்சி என்று மச்சம் தொடாமல், நல்ல காரியத்துக்குப் போகாமல் செத்த வீட்டுத் துடக்குக் காக்கும் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். வேறொருவன் எங்களுக்காக அதைக் காத்தபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. எந்த நாளில் இருந்து எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். "அவர் கத்திய நாளில் இருந்து, ஐம்பது நாள்" என்றார். எங்களுக்கு நாள் தெரியாது என்று நாங்கள் விட்டுவிட்டோம். அந்த மனிதர் உங்கள் கத்தலைக் கேட்டு அதில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். நினைவிருக்கிறதா அண்ணை? "அப்ப அந்த மனிசி மச்சம் தராமல் விட்டதும் அதுக்குத்தானோ?" என்று கேட்டீர்கள். பிறகு, "எத்தினை நாளாம்?" என்றீர்கள். அம்பது என்றேன். "எங்களுக்கு முப்பத்தொண்டோட முடியுதே, இவங்கள் ஏனடா அம்பதுக்கு இழுக்கிறாங்கள்?" என்று சொல்லிச் சிரித்தீர்கள். சிரிப்பு நடுவில் அழுகையானது. முகத்தைக் கழுவினீர்கள். முன்வீட்டுப் படலையடிக்குப் போய், அவர் எனக்குக் குனிந்த மாதிரியே குனிந்தீர்கள். நான் கதவடியில் நின்று பார்த்தேன். நாள் முடிந்ததும் பலகை திரும்ப வந்தது. அதற்கு மேலே கடதாசியில் சுற்றிய ஒரு சரை கருவாடு. அந்தக் கருவாட்டைப் பொரித்தது நான். சாப்பிட்டது நீங்கள்.

பிறகு நாங்கள் ஒருவர் பின் ஒருவராகக் கனடா வந்தோம். முதல் வருடம் என் அக்காவின் பேஸ்மென்றில் நீங்கள் இந்தக் கதையைச் சொன்னபோது முழுதாகச் சொன்னீர்கள். துடக்கு என்ற இடத்தில் அக்கா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். தெருவில் நின்று ஹோர்ன் சத்தம் கேட்டவள் அவள். பிறகு நீங்கள் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினீர்கள், கூட்டங்களில் பேசத் தொடங்கினீர்கள். பேசப் பேசக் கதை குறுகியது. முதலில் தோரணம் போனது. பிறகு கருவாடு. கடைசியில், இந்த மார்க்கம் கூட்டத்தில், துடக்கே போய்விட்டது. உலகமே எங்களைக் கைவிட்டது என்று சொன்னால் கைதட்டுவார்கள். ஒரு ஒழுங்கை கைவிடவில்லை என்று சொன்னால் அவ்வளவு சத்தமாகத் தட்டமாட்டார்கள்.

இது உங்களுக்கும் எனக்கும் நடுவில் உள்ளது என்றால் நான் எழுதியிருக்கமாட்டேன். முன்வீட்டுக்காரரின் மகள் இப்போது மிசிசாகாவில் இருக்கிறாள். விமான நிலையத்தில் வேலை. தாய் புதுவருட வாழ்த்து அட்டையில் மகளின் நம்பரை எழுதி அனுப்பியதால் எனக்குத் தொடர்பு கிடைத்தது. அந்தக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிவந்தது நான். "உங்கள் ஊரைப் பற்றி எங்கள் ஆள் நல்லதாகச் சொல்வார்" என்று அவளுக்குச் சொல்லிப் பெருமையாகக் கூட்டிவந்தேன். பக்கத்தில் இருந்த, இங்கே பிறந்த ஒரு பிள்ளை அவளுக்கு இங்கிலீசில் மொழிபெயர்த்தது. "லைக், த ஹோல் ஸ்ட்ரீட் ஜஸ்ட் கட் தெம் ஓஃப். ஈவின் த லைற்ஸ்." அவள் எழும்பி வெளியே போனாள்.

கார் பார்க்கில் என்னைக் கேட்டாள். "அந்த வருடம் தலைமை என் அப்பாதானே?" ஓம் என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "நீங்கள் நல்லவர், என் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறீர்கள்" என்றாள். "எங்கள் ஊரில் ஆட்களை ஒதுக்குவது புதிது இல்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. அதனால்தான் ஊரை விட்டு வந்தேன். அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று நினைத்திருந்தேன்."

அந்த ஊரில் அதுவும் நடந்திருக்கும். நான் மறுக்கவில்லை. சைக்கிளில் அவள் தலை குனிந்து போன காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஆனால் அவள் அப்பா அதைச் செய்யவில்லை. இப்போது அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூச்சு எடுப்பது கஷ்டம், அறிவு தெளிவு. கூட்டம் நடந்த நாளில் இருந்து மகள் யப்பானுக்குக் கோல் எடுக்கவில்லை. தாய் என்னைக் கூப்பிட்டு, "அவளுக்குச் சுகமில்லையா?" என்று கேட்கிறார்.

உங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எடேய், மேடையில எல்லாத்தையும் விளங்கப்படுத்த ஏலுமே? சனம் நித்திரை கொண்டிடும்" என்றீர்கள்.

"அண்ணை, அந்த மனிசன்ர மகள் முன்னால இருந்தவ."

"எனக்கென்ன தெரியும்? சரி, நம்பரைத் தா. போன்ல ஒரு சொறி சொல்லிவிடுறன்."

"போன்ல வேண்டாம். நான் கேட்டுச் சொல்லுறியள் எண்டு நினைப்பா. சனத்துக்கு முன்னால சொன்னதைச் சனத்துக்கு முன்னாலதான் திருத்த வேணும்."

"நீ என்னடா, என்னைக் கூண்டில ஏத்தப் பாக்கிறியோ?" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

ஓம் அண்ணை, ஏற்றத்தான் பார்க்கிறேன். அந்த மனிதரை அவருடைய மகளுக்கு முன்னால் நீங்கள் ஏற்றினீர்கள். இறங்க அவரால் ஏலாது, கட்டிலில் கிடக்கிறார். நான் சொல்லி அவள் நம்பவில்லை. ஒதுக்கப்பட்டதாகச் சொன்ன நீங்களே, அது ஒதுக்கல் இல்லை என்று சொன்னால்தான் நம்புவாள். அடுத்த கூட்டம் அதே மண்டபத்தில் நடக்கிறது, நீங்கள்தான் பேச்சாளர். அவளை முன்வரிசையில் கொண்டுவந்து இருத்துவது என் பொறுப்பு. உங்கள் வாசலில் விளக்கு வைக்காமல் விட்டது ஒதுக்கவா, துடக்குக் காக்கவா? படலையடியில் போய் நீங்கள் குனிந்தீர்களா, இல்லையா? தமிழில் சொல்லுங்கள், அவளுக்கு விளங்க இங்கிலீசிலும் சொல்லுங்கள். நான் சொல்வது பொய் என்றால் அதையும் அதே மைக்கில், என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த மனிதரின் மூச்சு இருக்கும்போதே பதில் வர வேண்டும்.